அம்மாவுக்கு மட்டும் இரண்டு கோழி சொசேஜ்

தம்பி,

நீ போனில் அனுப்பிய பட்டியலைக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, வாசல் வெளிச்சத்தில் நின்று இரண்டு முறை வாசித்தேன். உன் கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் கஹவத்தையிலிருந்து சம்பந்தி வீட்டார் வேன் பிடித்து வரும்போது, வழக்கம்போல வீட்டில் சோறு ஆக்கிப் போடாமல், ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டி எல்லாரையும் உட்கார வைத்துச் சுடச்சுடப் பரிமாற வேண்டும் என்று ஆசைப்படுகிறாய். நல்ல ஆசைதான். சித்திரை வெயிலில் நம் தகரக் கூரைக்குக் கீழே நாற்பது பேரை உட்கார வைத்தால் கறி வேண்டாம், சம்பந்தியே வெந்துவிடுவார். பட்டியலும் பெரிய மனிதர் வீட்டுப் பட்டியல்தான். பன்றி சொசேஜ், பன்றி விலா, மசாலா தடவிய கோழிக்கால், ஆற்று மீன், அன்னாசி. கடைசி வரியில், "அம்மாவுக்கு மட்டும் ரெண்டு சிக்கன் சொசேஜ்." அதற்குக் கீழே, "அடுப்புப் பக்கம் நீங்கதானே அப்பா, வேற யாரு?" என்று எழுதி, பல்லைக் காட்டும் ஒரு மஞ்சள் முகம்.

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் சத்தம் போடுவேன், நீ "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். நமக்குள் அப்படித்தானே நடந்து வருகிறது. எழுதினால் நடுவில் நீ பேச முடியாது, எனக்கும் கோபம் வராது. உன் தங்கச்சியின் பழைய கொப்பியில் எட்டுத் தாள் கிழித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா, "கோர்ட்டுக்கா எழுதுறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள்.

நான் எப்படி அடுப்புக்காரன் ஆனேன் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். உனக்கு எட்டு வயதாக இருக்கும்போது தோட்டத்து வேலையை விட்டுவிட்டு சுற்றுலாக்காரர் படகு ஓட்ட வருகிற ஆற்றங்கரைக் கேம்புக்குப் போனேன். முதலில் இறப்பர் படகைத் தலையில் தூக்கிக்கொண்டு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடக்கிற வேலை. ஒருநாள் சமையல்காரர் வரவில்லை. கொழும்பிலிருந்து ஒரு கூட்டம் வந்து நனைந்து பசித்து உட்கார்ந்திருக்கிறது. முதலாளி என்னைப் பார்த்து, நெருப்பு மூட்டத் தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டார். தோட்டத்தில் பிறந்தவனுக்கு நெருப்பு மூட்டத் தெரியாதா? ஓடிப்போய் வெட்டிக் கிடந்த இறப்பர் மரக் கிளைகளைத் தூக்கிவந்து அடுக்கினேன். பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டு அடுப்பில் எரிந்தது அந்த விறகுதான். ஆனால் வீட்டில் காய்ந்த விறகு, மேலே பானை மூடியிருக்கும். இங்கே பட்டை உரிக்காத பச்சைக் கிளை, மேலே மூடாத இறைச்சி. பட்டையில் இருந்த பால் உருகிக் கறுப்புப் புகையாகக் கிளம்பி, அவ்வளவு சொசேஜிலும் அப்பிக்கொண்டது. ஒரு அம்மா கடித்துப் பார்த்துவிட்டு மெதுவாகத் துடைப்புத் தாளில் துப்பினார். முதலாளி ஓடிவந்து, "மே மொகத, டயர் எகக் புச்சனவாத?" என்று கத்தினார். இது என்ன, டயரா எரிக்கிறாய் என்று அர்த்தம். கேம்பில் என்னோடு படகு தூக்கிய சமன் இன்றைக்கும், நான் அடுப்புப் பக்கம் போனால் "டயர் அங்கிள்" என்றுதான் கூப்பிடுகிறான். அவனுக்கும் இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது, வாய் மட்டும் வளரவில்லை.

அந்த அவமானத்தில்தான் தொழிலைப் பிடித்தேன். தேங்காய்ச் சிரட்டைக் கரி எது, மரக்கரி எது, கரி எப்போது சிவப்பு, எப்போது சாம்பல் பூக்கும், எந்த இறைச்சி எவ்வளவு சூடு தாங்கும் என்று எல்லாம் பார்த்துப் பார்த்துக் கற்றேன். இரண்டு வருஷத்தில் கேம்புக்கு வருகிறவர்கள் என் அடுப்பைப் பற்றி விசாரிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. எனக்குத் தலைக்கனமும் வந்துவிட்டது, அதை மறைப்பானேன்.

கேம்பில் ஒரு வழக்கம் இருந்தது. விருந்தாளிகள் சாப்பிட்டு மிஞ்சியதை வேலை செய்கிறவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். நல்ல வழக்கம்தான், யாரையும் குறை சொல்ல மாட்டேன். சனி, ஞாயிறு வந்தால் ஆறு மணி பஸ்ஸில் நான் ஒரு சொப்பிங் பேக்கோடு இறங்குவேன். நீயும் தங்கச்சியும் பஸ் சத்தம் கேட்டதும் ரோட்டுக்கு ஓடி வருவீர்கள். தோட்டத்து லயத்து வரிசையில் யார் வீட்டிலும் இல்லாத சாப்பாடு நம் வீட்டில் இருந்தது. ஐந்தாம் வகுப்பில் பாண் துண்டுக்குள் சொசேஜ் வைத்துக் கொண்டுபோய், பாதியைக் கொடுத்துப் பேனை வாங்கிவந்தாயே, டீச்சர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தாரே, ஞாபகம் இருக்கிறதா? அன்று உன்னைத் திட்டினேன். உள்ளுக்குள் எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? வெள்ளைக்காரன் சாப்பிடுகிறதை என் பிள்ளை சாப்பிடுகிறான் என்று மார்பு விரிந்தது.

அந்தப் பையில் என்ன இருந்தது என்று இப்போதுதான் யோசிக்கிறேன். அடுப்பில் எப்போதும் இரண்டு வகை போடுவோம், பன்றியும் கோழியும். கோழி சொசேஜ் மிஞ்சியதே இல்லை. சின்னப் பிள்ளைகள் அதைத்தான் கேட்பார்கள், ஒபிஸ் பெண்கள் "லைட்டா இருக்கும்" என்று அதைத்தான் எடுப்பார்கள், வெயிலில் படகு ஓட்டிவிட்டு மறுபடி தண்ணீரில் இறங்கப் போகிறவர்களுக்கும் அதுதான் சரி. மிஞ்சுவது பன்றி. அதிலும் கடைசியில் தட்டில் கிடக்கிறது, கொழுப்பு உருகி வெளியே வந்து, ஆறி, வெள்ளையாகப் படிந்தது. அதைத்தான் பதினெட்டு, பத்தொன்பது வருஷம் வாரா வாரம் தூக்கிவந்தேன். உனக்கும் தங்கச்சிக்கும் ஓடுகிற வயது, செரித்துவிட்டது. நான் கரிச் சூட்டில் நின்று நின்று, சாப்பாட்டு வாடையே பிடிக்காமல் ஒரு பிளேன்டீயோடு படுத்துவிடுவேன். அப்படியானால் மீதியைச் சாப்பிட்டது யார்? பொருளை வீணாக்கத் தெரியாத உன் அம்மாதான். விடியற்காலை எழுந்து மலையேறி இறப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவள், முதல் நாள் மிஞ்சியதைச் சுடவைத்து ரொட்டியோடு தின்றுவிட்டுப் போவாள்.

ஒரே ஒரு தடவை அவள் கேட்டாள். நீ ஓ.எல். பரீட்சை எழுதிய வருஷம் என்று நினைக்கிறேன். வீட்டில் உன் மாமா குடும்பமும் இருந்தது. பையைப் பிரித்தபோது அவள், "ஏங்க, கோழி ஒண்ணு ரெண்டு கெடச்சா கொண்டாங்களேன். இது நெஞ்சுக்குள்ளயே நிக்குது. அது வயித்துக்கு லேசா இருக்கும்னு சொல்றாங்க" என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? மாமா பக்கம் திரும்பி, "பாத்தீங்களா மச்சான், உங்க தங்கச்சிக்கு ஆஸ்பத்திரி வாட்டுல குடுக்குற சாப்பாடு வேணுமாம். கோழி சொசேஜ் பல்லு இல்லாதவன் திங்கிறது" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்புறம் அவள் கேட்கவே இல்லை. கேட்கவில்லை என்பதால் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நான் எடுத்துக்கொண்டேன். ஆம்பளைப் புத்தி அப்படித்தான் தம்பி, உனக்கும் அதே புத்தி இருக்கும், என் பிள்ளைதானே.

இனி எழுதப் போவது உனக்குத் தெரியாதது. இதைச் சொல்லாமல் உன் கல்யாணத்தில் மாலை எடுத்துக் கொடுக்க என்னால் முடியாது.

அம்மா மயங்கி விழுவதற்கு இரண்டு மாதம் முன்னால், மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். கிளினிக்குக் கூட்டிப்போனேன். சின்ன வயது டாக்டர் பிள்ளை, சிங்களம், முகத்தைப் பார்த்துப் பேசுகிற நல்ல பிள்ளை. இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு, "கொழுப்பு ரொம்பக் கூடியிருக்கிறது அம்மா, தினமும் என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். உன் அம்மா என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம், "பத், எளவளு" என்றாள். சோறும் மரக்கறியும். டாக்டர் விடவில்லை. இறைச்சி, பொரித்தது, சொசேஜ் மாதிரி ஏதாவது? அவள் தலையை ஆட்டி இல்லை என்றாள். அப்படியானால் இது குடும்ப வழியில் வந்ததாக இருக்கும் என்று டாக்டர் தனக்குள் சொல்லிக்கொண்டு, மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கையில் குடை இருந்தது. வாயைத் திறந்து, "இல்ல மிஸ், இவ வாரம் முழுக்கப் பன்றிக் கொழுப்பு திங்கிறா, கொண்டாந்து குடுக்கிறது நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வெளியில் நின்ற கூட்டத்துக்குக் கேட்டுவிடுமோ என்று வெட்கம். அதைவிட, அவள் பொய் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் யட்டியாந்தோட்டை வரைக்கும் இரண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தோம். அந்தச் சனிக்கிழமை பெரிய கூட்டம், நிறைய மிஞ்சியது. நான் தூக்கிக்கொண்டு வந்தேன். ஆமாம் தம்பி, அதற்குப் பிறகும் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். காலை ஏழு மணிக்கு மரத்தடியில் பால் வெட்டுகிற கத்தியோடு சரிந்துவிட்டாள் என்று கங்காணி ஆள் அனுப்பினார். லொறியில் ஏற்றிக்கொண்டு ஓடினோம். இரத்தினபுரியிலிருந்து நீ வந்து சேரும்போது அவளுக்கு நெஞ்சுக்குள் குழாய் வைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி நடையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அம்மா அப்படி என்னதான்ப்பா சாப்பிட்டாங்க?" என்று அழுதாய். நான், "வயசாகுது இல்ல தம்பி" என்றேன். நாற்பத்தெட்டு ஒரு வயதா? உன்னிடம் நான் சொன்ன பொய்களில் பெரியது அதுதான். இப்போது திருப்பி எடுத்துக்கொள்கிறேன். நீ கோபப்பட்டால் படு. இரண்டு நாள் பேசாமல் இரு. ஆனால் தெரிந்துகொண்டு கோபப்படு.

அவள் வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்துத்தான் எனக்குக் கேட்கத் தைரியம் வந்தது. கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "டாக்டர்கிட்ட ஏன் புள்ள பொய் சொன்ன?" என்றேன். அவள் தலை நிமிரவில்லை. "நீங்க ஆசை ஆசையா தூக்கிட்டு வர்றத எப்படிங்க நோயின்னு சொல்றது?" என்றாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். எங்கே போனேன் என்று ஞாபகம் இல்லை. அழுதேன் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அடுத்த கிளினிக்கில் நானே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தப் பிள்ளை திட்டவில்லை. நான், இனிமேல் கோழி சொசேஜ் கொடுக்கலாமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, பன்றியைவிட அது மேல்தான், ஆனால் கோழி என்று எழுதியிருந்தால் மட்டும் அது மருந்து ஆகிவிடாது என்றார். பக்கெட் உறையின் முன்பக்கப் படத்தைப் பார்க்காதே, பின்பக்கம் கொழுப்பும் உப்பும் எவ்வளவு என்று எழுதியிருப்பதைப் பார்த்து, குறைவானதை வாங்கு. விசேஷ நாளில் ஒன்று, இரண்டு, பக்கத்தில் நிறைய மரக்கறி. தினமும் வேண்டாம். இவ்வளவுதான் அவர் சொன்னது. பத்தொன்பது வருஷம் சொசேஜ் சுட்டவன், ஒரு நாளாவது பக்கெட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறேனா?

நேரே யட்டியாந்தோட்டையில் நம் முஸ்லிம் நானா கடைக்குப் போனேன். கேம்புக்குக் கோழி சொசேஜை அவரிடம்தான் பல வருஷமாக வாங்குகிறோம். குளிர்பெட்டிக்குள் கையை விட்டு ஒவ்வொரு பக்கெட்டாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "என்ன தம்பி, கேம்புக்கு இன்னைக்கு ஓர்டர் இல்லையே?" என்றார். வீட்டுக்கு என்றேன். "வூட்டுக்கா?" என்று ஆச்சரியப்பட்டார். "இத்தனை வருஷத்துல வூட்டுக்குன்னு நீங்க ஒண்ணும் கேட்டதே இல்லியே" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார் மனுஷன். எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக்கென்று நான் கடையில் நின்று ஒரு பொருளைத் தெரிந்தெடுத்ததே இல்லை. மற்றவர்கள் தெரிந்தெடுத்து முடிந்த பிறகு கிடப்பதைத்தான் கொண்டுபோயிருக்கிறேன்.

அன்றைக்கு முற்றத்தில் கரி மூட்டிச் சுட்டேன். பெரிய சுடுகாரன் இல்லையா, பன்றிக்கு வைக்கிற அதே சூட்டில் வைத்தேன். பன்றியில் கொழுப்பு இருக்கிறது, அது உருகி உருகித் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளும். கோழியில் அது இல்லை. ஐந்து நிமிஷத்தில் வெளியே கருகி, உள்ளே வறண்டு, முருங்கைக்காய்ச் சக்கை மாதிரி ஆகிவிட்டது. உன் அம்மா அதையும் ஒன்றும் சொல்லாமல் மென்று விழுங்கினாள். அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. "நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னு சொல்லித் தொலையேன்!" என்று கத்தினேன். அவள் பயந்துபோய்ப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் வறட்சியாத்தான் இருக்கு" என்றாள். இருபத்தொன்பது வருஷத்தில் என் கைப்பக்குவத்துக்கு அவள் சொன்ன முதல் குறை. தம்பி, எந்தக் கொழும்புக்காரன் பாராட்டினாலும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

அதற்குப் பிறகு அவள் குறை சொல்லச் சொல்ல நான் கற்றுக்கொண்டேன். உறைந்த சொசேஜை அப்படியே நெருப்பில் போடாதே, முதல் நாளே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து இளக விடு. ஆற்றோரம் பாறையில் வெயிலில் வைத்து இளக்குகிற வேலை வேண்டாம், கோழி சீக்கிரம் கெட்டுப்போகும். கரி சிவந்திருக்கும்போது கிட்டேயே போகாதே, மேலே வெள்ளைச் சாம்பல் பூத்த பிறகு, கரியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, சூடு குறைந்த பக்கத்தில் அடுக்கு. மேலே லேசாக எண்ணெய் தொட்டுத் தடவு, போதும். முள்ளுக்கரண்டியால் குத்திக் குத்திப் பார்க்கிறவனை அடுப்புப் பக்கமே விடாதே, இருக்கிற கொஞ்ச ஈரமும் ஓடிவிடும். அடிக்கடி உருட்டிவிட வேண்டும். கடைசியில் ஒன்றை நடுவில் வெட்டிப் பார், சிவப்பு இருந்தால் இன்னும் வேகவில்லை, கோழியில் அரைவேக்காடு ஆபத்து. பச்சையாக இருப்பதைத் தொட்ட இடுக்கியால் வெந்ததைத் தொடாதே. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். பன்றி சுடுகிறவன் தூங்கலாம், கோழி சுடுகிறவன் தூங்க முடியாது.

இனி உன் கடைசி வரிக்கு வருகிறேன். அம்மாவுக்கு மட்டும் இரண்டு என்று எழுதினாயே, பாசத்தில்தான் எழுதினாய், தெரியும். ஆனால் போன பொங்கலுக்கு என்ன நடந்தது என்று நீ கவனிக்கவில்லை. உன் கூட்டாளிகள் வந்தபோது அம்மாவுக்கென்று ஒரு சின்னத் தட்டில் இரண்டு கோழி சொசேஜ் தனியாக எடுத்து வைத்தாய். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து ஆசையாகப் பார்த்தது. அம்மா அந்தத் தட்டை அப்படியே அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சிக் கிடந்த பன்றியில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். நான் பார்த்துவிட்டு ஓடுவதற்குள் விழுங்கியும்விட்டாள். "கேக்குற புள்ளைக்குக் குடுக்காம நான் மட்டும் எப்படிங்க திங்கிறது?" என்கிறாள். நாற்பது பேருக்கு ஒரு சாப்பாடு, அவளுக்கு ஒரு சாப்பாடு என்று வைத்தால் அவள் சாப்பாடு அவளுக்குக் கிடைக்காது. அது அவள் குணம், இனி மாற்ற முடியாது. பட்டியலைத்தான் மாற்ற முடியும்.

ஆகவே பன்றி வேண்டாம் தம்பி. சொசேஜ் என்றால் அன்றைக்கு எல்லாருக்கும் கோழி சொசேஜ்தான். உன் கூட்டாளிகள் முகத்தைச் சுளிப்பார்கள், சுளிக்கட்டும், ஒருநாள் லேசாகச் சாப்பிட்டால் யாரும் இளைத்துவிட மாட்டார்கள். அந்த வெயிலுக்கு அவர்களுக்கும் அதுதான் நல்லது. கூடவே வெள்ளரிக்காய், தக்காளி, அன்னாசி என்று தாராளமாக வை. இதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. நானாவைக் கல்யாணத்துக்கு அழைக்கப் போனபோது, ஆற்றங்கரைச் சாப்பாட்டுக்கும் வர வேண்டும் என்றேன். சங்கடமாகச் சிரித்துவிட்டு, "ஒரே தட்டுல பன்றியையும் சுட்டுட்டு, இது கோழின்னு எடுத்துத் தந்தா நாங்க எப்படித் தம்பி சாப்பிடுறது? கோவிச்சுக்காதீங்க, வந்து வாழ்த்திட்டுப் போறேன்" என்றார். கேம்பில் பத்தொன்பது வருஷம் முஸ்லிம் குடும்பங்கள் ஏன் என் அடுப்பைத் தாண்டிப் போய் பிஸ்கட் சாப்பிட்டார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பன்றி இல்லை, சுடுகிற தட்டும் புதிது, சொசேஜும் ஹலால் பக்கெட், உங்கள் கடையிலிருந்தே வருகிறது என்றேன். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறாராம்.

மருமகளாக வரப்போகிற தர்ஷினியைப் பற்றி ஒரு வார்த்தை. போன வாரம் பேசும்போது அந்தப் பிள்ளையிடம், உனக்கு என்னம்மா பிடிக்கும், பட்டியலில் சேர்க்கலாம் என்றேன். "எதுன்னாலும் சரிங்க மாமா" என்றது. கஹவத்தை பஜாரில் கடை வைத்திருக்கிற வீட்டில் செல்லமாக வளர்ந்த பிள்ளை, அதற்குப் பிடித்தது ஒன்றுமா இருக்காது? எதுவானாலும் சரி என்கிற பேச்சை நம்பித்தான் நான் ஒரு மனுஷியை ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோனேன். நீ நம்பாதே. திருப்பிக் கேள். சிரித்துக்கொண்டே இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை கேள். சொல்லிவிட்டால், அதை வைத்து நாலு பேருக்கு முன்னால் கிண்டல் பண்ணாதே. ஒரு தடவை சிரித்துவிட்டால் பிறகு அந்த வாய் திறக்காது. உனக்கு நான் கொடுக்கக்கூடிய சீதனம் இந்த ஒன்றுதான்.

அப்படி உனக்குச் சொல்லப் போகிறவன், நான் கேட்டேனா என்று நேற்று யோசித்தேன். உன் அம்மா வாசலில் மல்லி காய வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய், "அன்னைக்கு ஆத்தங்கரையில ஒனக்கு என்ன வேணும் புள்ள?" என்றேன். கோழி சொசேஜ்தான் போடப் போறீங்களே, அது போதும் என்றாள். சாப்பாட்டை விடு, வேற என்ன வேணும் என்றேன். இதென்ன புதுசா என்கிற மாதிரி பார்த்தாள். மல்லியைக் கையால் பரப்பிவிட்டாள். பிறகு சொன்னாள்.

"ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்க மாட்டீங்களே? நம்ம கல்யாணப் பந்தியில ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து சாப்பிட்டோம். அதோட சரி. எந்த வீட்டு விசேஷம்னாலும் நீங்க அடுப்புப் பக்கம், நான் பாத்திரத்துப் பக்கம். அன்னைக்காவது நீங்க என் பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்களேன்."

தம்பி, இத்தனை வருஷம் பை பையாகத் தூக்கிக்கொண்டு வந்தேனே, அவளுக்கு அந்தப் பை வேண்டியிருக்கவில்லை.

அதனால் இதுதான் என் பதில். அன்றைக்கு அடுப்புப் பக்கம் நான் இல்லை. நீயும் போகாதே, மூன்றாம் நாளே பெண்டாட்டியை விட்டுவிட்டு நெருப்புப் பக்கம் போய் நின்றால் அது அப்படியே பழகிவிடும், நான் அப்படித்தான் பழகினேன். சமனிடம் சொல்லிவிட்டேன். "அங்கிள் வாடிவென்ன, மம பலாகன்னம்" என்றான். நீங்கள் உட்காருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். நல்லவன், ஆனால் கை கொஞ்சம் அவசரம், மேலே எழுதிய பக்குவத்தை அவனுக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டு. ஆற்றைப் பார்த்த மாதிரி, நிழலில், இரண்டு நாற்காலி ஒட்டிப் போடச் சொல். அதில் ஒன்று அம்மாவுக்கு, ஒன்று எனக்கு. பக்கத்திலேயே உனக்கும் தர்ஷினிக்கும் இரண்டு. தட்டு வந்தால் வாங்கிச் சாப்பிடுவோம், வரத் தாமதித்தால் பேசிக்கொண்டிருப்போம். புகை வந்தாலும் சரி, கருகல் வாடை வந்தாலும் சரி, சமன் "டயர் அங்கிள்" என்று கத்திக் கூப்பிட்டாலும் சரி, நான் எழுந்து வர மாட்டேன்.

அப்பா